அழைப்பில்லாமல் வந்த எட்டுக் குழுக்கள்: எடின்பரோ, 1947

வாய்ப்புக் கிடைக்காத கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து சொந்தமாக ஒரு நிகழ்ச்சி போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சின்னதாக ஓர் அரங்கை வாடகைக்கு எடுப்பார்கள், நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் அழைப்பார்கள், கற்றுவைத்திருக்கும் வித்தையை எல்லாம் மேடையில் கொட்டுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அடுத்த வாரம் அவர்கள் நிலைமையில் எந்த மாற்றமும் இருக்காது. ஆட்டத்தில் குறை இருந்திருக்க வேண்டியதில்லை. வேலை கொடுக்கக்கூடியவர், பத்திரிகையில் எழுதக்கூடியவர், அடுத்த ஊருக்கு அழைக்கக்கூடியவர் என்று ஒருவர்கூட அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

1947 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை மையமாக வைத்து எட்டு நாடகக் குழுக்கள் இதே வேலையைத்தான் செய்தன. இடத்தையும் நேரத்தையும் மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுத்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் எடின்பரோ ஃபிரிஞ்ச் என்ற கலைவிழா. 2019-இல் அதில் 3,800-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன, 30 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றன. அந்த எட்டுக் குழுக்கள் செய்தது ஏன் பலித்தது, யாருக்குப் பலித்தது, செலவு யார் தலையில் விழுந்தது என்பதை இங்கே பார்க்கிறேன். மேடைக்காக வருடக்கணக்கில் உழைத்தும் யார் கண்ணிலும் படாமல் இருப்பவர்கள் இதை விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய விழாவும் அதன் வாசலும்

ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். பிரிட்டனில் ரேஷன் முறை இன்னும் நீங்கவில்லை, நிலக்கரிக்குக் கடும் தட்டுப்பாடு. அந்தச் சூழலில் எடின்பரோவில் ஒரு சர்வதேச இசை, நாடக விழா நடத்த முடிவானது. இதன் முதல் இயக்குநர் ருடால்ஃப் பிங். வியன்னாவில் பிறந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி, இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் ஓபரா நிறுவனத்தை நிர்வகித்துவந்தவர். பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த ஹென்றி ஹார்வி வுட்டும் அன்றைய நகரத் தலைவர் ஜான் ஃபால்கனரும் அவருக்குத் துணை நின்றார்கள்.

ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 13 வரை விழா நடந்தது. ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபின் அந்த நாட்டுக்கே திரும்ப முடியாமல் போன இசை நடத்துநர் புரூனோ வால்டர், பிரிந்துபோன தன் வியன்னா ஃபில்ஹார்மோனிக் கலைஞர்களோடு இந்த மேடையில்தான் மறுபடியும் சேர்ந்தார். லண்டனிலிருந்து ஓல்டு விக் நாடகக் குழு, சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே, பாரிஸிலிருந்து லூயி ஜூவே குழு என்று எல்லாமே முதல் வரிசைப் பெயர்கள். எடின்பரோ கோட்டைக்கு விளக்கு போட எரிபொருள் அமைச்சர் முதலில் அனுமதி மறுத்தார். ஊர்மக்கள் தங்கள் நிலக்கரிப் பங்கை விட்டுத் தர முன்வந்த பிறகு இறங்கிவந்தார். அந்த ஊர் அந்த விழாவை அவ்வளவு விரும்பியது.

ஆனால் அதன் நாடகப் பிரிவில் ஸ்காட்லாந்தின் குழு ஒன்றுகூட இல்லை. உலகத் தரம் என்பதே பிங்கின் அளவுகோல். அந்த அளவுகோலில் தப்பு கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அவர் அந்தத் தரத்தில் விழாவை நடத்தியிராவிட்டால் லண்டனிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அத்தனை பேர் அந்த ஊருக்கு வந்திருக்கவே மாட்டார்கள். வாசலை மூடிய அதே விழாதான் வாசலுக்கு வெளியே ஒரு கூட்டத்தையும் திரட்டிக் கொடுத்தது. இந்த நிகழ்வு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்று எனக்குப் படுகிறது.

வந்தவர்கள் யார்

எட்டில் ஆறு குழுக்கள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை, இரண்டு இங்கிலாந்திலிருந்து வந்தவை. எடின்பரோ பீப்பிள்ஸ் தியேட்டர், கிறிஸ்டின் ஓர் என்ற எழுத்தாளர் நடத்திய குழு, எடின்பரோ நாடகக் கல்லூரி ஆகியவை உள்ளூர்க்காரர்கள். லண்டன் மெர்க்குரி தியேட்டரிலிருந்து பில்கிரிம் பிளேயர்ஸ் வந்தார்கள். ஒரு பொம்மலாட்டக் குழுவும் இருந்தது. ஒரு குழு எடின்பரோவுக்குள்கூட வரவில்லை. ஃபோர்த் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுமார் 20 மைல் தள்ளியிருந்த டன்ஃபெர்ம்லின் தேவாலயத்தில் ஓர் இடைக்கால நாடகத்தைப் போட்டது.

இவர்களில் என் மனதில் அதிகம் நிற்பது கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர். 1941-இல் கிளாஸ்கோவின் தொழிலாளர் நாடக மன்றம், போக்குவரத்துத் தொழிலாளர் குழு, யூத மன்ற நாடகக் குழு போன்ற அமெச்சூர் குழுக்கள் ஒன்றாகி உருவானது. நடிகர்களில் பெரும்பாலானோர் பகலில் வேலைக்குப் போய், மாலையில் ஒத்திகை பார்த்தவர்கள். கிளாஸ்கோவின் வீட்டு நெருக்கடியை வைத்து 1946-இல் அவர்கள் போட்ட நாடகம் உள்ளூரில் நன்றாக ஓடியிருந்தது. எடின்பரோவுக்கு அவர்கள் எடுத்துவந்தவற்றில் ஒன்று கார்க்கியின் நாடகம், இன்னொன்று ஸ்காட்ஸ் மொழியில் ராபர்ட் மெக்லெல்லன் எழுதிய நகைச்சுவை நாடகம். கலைக் கவுன்சிலின் நிதியுதவி கடைசி நேரத்தில் கைவிட்டுப்போன பிறகும் அவர்கள் வந்தார்கள்.

நல்ல அரங்குகளை எல்லாம் பெரிய விழா எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் ஒய்.எம்.சி.ஏ. கூடம், சினிமா கொட்டகையோடு சேர்ந்த உணவகம், சின்னச் சின்ன அரங்குகள் என்று கிடைத்த இடத்தில் போட்டார்கள். வாடகை, விளம்பரம், தங்குமிடம் எல்லாம் அவரவர் கைக்காசு. அழைப்பு இல்லை, உதவித்தொகை இல்லை, முறையான அரங்கும் இல்லை. ஃபிரிஞ்சின் குணங்கள் என்று இன்று சொல்லப்படுபவை எல்லாம் அந்த முதல் ஆண்டிலேயே கட்டாயத்தினால் அமைந்துவிட்டவை.

அவர்களுக்குக் கிடைத்த லாபம் ஒன்றுதான். விமர்சகர்கள் ஏற்கனவே ஊருக்குள் இருந்தார்கள். லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவரை கிளாஸ்கோவின் ஒரு சின்னக் கூடத்துக்கு வரவைப்பது அநேகமாக நடக்காத காரியம். அதே ஆள் எடின்பரோவில் பத்திரிகை செலவில் தங்கியிருக்கிறார், ஒரு மாலை சும்மா இருக்கிறது என்றால், நான்கு தெரு தள்ளி நடக்கும் நாடகத்துக்கு எட்டிப்பார்ப்பார். ரசிகர்களுக்கும் இதே கணக்குதான். ரயில் செலவு, அறை வாடகை எல்லாம் பெரிய விழாவுக்காகச் செலவழித்தாகிவிட்டது. கூட ஒரு டிக்கெட் பெரிய விஷயமில்லை. கவனத்தை வரவழைக்கும் செலவைப் பெரிய விழா ஏற்றுக்கொண்டது. இவர்கள் நிகழ்ச்சி நடத்தும் செலவை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1948 ஆகஸ்டில், ராபர்ட் கெம்ப் என்ற பத்திரிகையாளர் 'எடின்பரோ ஈவினிங் நியூஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதிகாரபூர்வ நாடகங்களின் விளிம்பில் தனியார் முயற்சிகள் முன்பைவிடப் பெருகியிருக்கின்றன என்று அதில் குறிப்பிட்டார். விளிம்பு என்ற பொருளில் அவர் போட்ட 'ஃபிரிஞ்ச்' என்ற சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. கெம்ப் நாடகாசிரியரும்கூட. அதே 1948-இல் பெரிய விழா முதல்முறையாக ஒரு பழைய ஸ்காட்டிஷ் நாடகத்தை டைரோன் கத்ரியின் இயக்கத்தில் மேடையேற்றியது. அதைச் செப்பனிட்டுத் தந்தவர் கெம்ப். ஆக, வெளியே நின்றவர்களுக்குப் பெயர் கொடுத்த மனிதரே உள்ளேயும் ஸ்காட்டிஷ் நாடகத்துக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்காமல் இருக்க

சரி, முதல் ஆண்டு துணிச்சல் எல்லோருக்கும் வரும். அதை நிலைக்கவைத்த பின்னணி வேலையைப் பற்றித்தான் இந்தக் கதையைச் சொல்பவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் குழுக்களின் எண்ணிக்கை கூடியது, போட்டியும் கூடியது. ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒரே ரசிகருக்காகப் பல நாடகங்கள். எந்தக் கூடத்தில் எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பதே வந்தவர்களுக்குப் பெரும்பாடு. ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கலைஞர்களே புலம்பினார்கள்.

வழியைத் திறந்தவர்கள் மாணவர்களும் ஓர் அச்சகக்காரரும். 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் கலைஞர்களுக்காக மலிவு விலையில் சாப்பாடும் படுக்கையும் தரும் ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். 1954-இல் சி.ஜே. கௌஸ்லண்ட் என்ற உள்ளூர் அச்சகம் எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே தாளில் சேர்த்து நிகழ்ச்சி நிரல் அச்சிட்டது. 1955-இல் பொதுவான டிக்கெட் முன்பதிவு ஒன்றை முயன்றார்கள். அது நஷ்டத்தில் முடிந்தது. சேராமல் ஒதுங்கி நின்ற குழுக்களால்தான் நஷ்டம் என்று குற்றச்சாட்டும் எழுந்தது. கூட்டாக ஏதாவது நடத்திப் பார்த்த எவருக்கும் இந்தச் சண்டை புதிதாக இருக்காது.

கடைசியில் 1958-59-இல் ஃபிரிஞ்ச் சங்கம் உருவானது. ஆக்ஸ்ஃபோர்டு தியேட்டர் குரூப்பின் இயக்குநர் மைக்கேல் இமிசன் அதற்கு முன்னின்று உழைத்தார். சங்கத்தின் விதிகளில் ஒன்று இந்த விழாவின் போக்கையே தீர்மானித்தது: யார் என்ன நிகழ்ச்சி போடலாம் என்பதில் சங்கம் தலையிடாது, தேர்வுக்குழு கிடையாது. நிரல் அச்சிடுவது, தகவல் தருவது, டிக்கெட் விற்பது ஆகியவையே அதன் வேலை. (1968 வரை பிரிட்டனில் நாடகங்களுக்கு அரசுத் தணிக்கை இருந்தது. அந்தக் கத்தரி சங்கத்தின் கையில் இல்லை.)

இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு மேடையைக் கட்டிய கையோடு, தரத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்று அடுத்தவரை ஒதுக்கத் தொடங்குவதை நாம் எத்தனையோ சங்கங்களில் பார்க்கிறோம். தேர்வுக்குழு என்று ஒன்று வந்தால் உறுப்பினர்களின் நண்பர்கள் உள்ளே வருவார்கள், பழகிய பாணி உள்ளே வரும், புதுமாதிரி எதுவும் வெளியே நிற்கும். மோசமான நிகழ்ச்சிகளும் வரட்டும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஃபிரிஞ்சில் மோசமான நிகழ்ச்சிகள் எக்கச்சக்கம். எது நல்லது என்பதைப் பார்வையாளரும் விமர்சகரும் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1966-இல் நடந்ததைப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் பலமும் தெரியும், அதன் பலவீனமும் தெரியும்.

ஒரே ஒரு விமர்சனம்

1966-இல் இமிசன் முன்பு இருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு, டாம் ஸ்டாப்பர்ட் என்ற பெயர்பெறாத எழுத்தாளரின் நாடகத்தை எடுத்துவந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வரும் இரண்டு துணைப் பாத்திரங்களை நாயகர்களாக்கிய நாடகம்: 'ரோசன்கிராண்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்'. கிரான்ஸ்டன் தெருவில் ஒரு கூடம். ஒத்திகையில் கையில் இருந்த தட்டச்சுப் பிரதியில் பிழைகள் மலிந்திருந்தன. ஸ்டாப்பர்ட் நேரில் வந்து திருத்திக் கொடுத்தார். நாடகம் மேடையேறியது. விமர்சனங்கள் பெரும்பாலும் சோர்வு தருபவையாக இருந்தன.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை 'அப்சர்வர்' இதழில் ரொனால்டு பிரைடன் எழுதிய மதிப்புரை வந்தது. அண்மையில் வந்த இளம் நாடகாசிரியர்களிலேயே மிகச் சிறந்த அறிமுகங்களில் ஒன்று என்று அவர் கொண்டாடியிருந்தார். லண்டனில் நேஷனல் தியேட்டரின் இலக்கிய மேலாளராக இருந்த கென்னத் டைனன் அதைப் படித்துவிட்டுப் பிரதியை அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தார். 1967 ஏப்ரலில் அந்த நாடகம் நேஷனல் தியேட்டரின் தயாரிப்பாக ஓல்டு விக் மேடையில் ஏறியது. ஸ்டாப்பர்ட்டுக்கு அப்போது 29 வயது.

அந்தக் கூடத்தில் ஒரு விமர்சகர் உட்கார்ந்திருந்தார், அவர் எழுதியதை முடிவெடுக்கக்கூடிய ஒருவர் படித்தார். இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் கவனிக்கப்படுதல் என்பது வேலையாக மாறும். கைதட்டலின் ஓசை எவ்வளவு பெரியது என்பது இங்கே கணக்கில் வரவில்லை. ஒரு சின்னக் கூடத்தில், மற்றவர்கள் உதறித்தள்ளிய ஒரு நாடகத்துக்கு, சரியான ஒருவர் வந்திருந்தார். தேர்வுக்குழு ஒன்று இருந்து, பிழை மலிந்த அந்தப் பிரதியைப் படித்திருந்தால் அதை ஏற்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது ஆக்ஸ்ஃபோர்டு குழு. 1981-இல் ஃபிரிஞ்சின் நகைச்சுவைக்கான பெரியர் விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது வென்றது கேம்பிரிட்ஜ் ஃபுட்லைட்ஸ்: ஸ்டீஃபன் ஃபிரை, ஹியூ லாரி, எம்மா தாம்ப்சன் இருந்த குழு. 2017-இல் மாணவர்கள் எடுத்துவந்து பின்னால் லண்டன் வெஸ்ட் எண்டுக்கும், 2021-இல் நியூயார்க்கின் பிராட்வேக்கும் போன 'சிக்ஸ்' இசை நாடகமும் கேம்பிரிட்ஜிலிருந்து வந்ததுதான். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது, உண்மை. கதவுவரை வருவதற்கான கைக்காசும், ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் இருக்கும் வசதியும், யாரைப் பார்க்க அழைக்க வேண்டும் என்ற விவரமும் எல்லோரிடமும் இல்லை. அழைப்பில்லாமல் முதலில் வந்த தொழிலாளர் குழுவான கிளாஸ்கோ யூனிட்டி, பணநெருக்கடியில் 1951-இல் கலைந்துபோனது. அவர்கள் உண்டாக்கிய வழியில் அதிகம் பயனடைந்தவர்கள் வேறு வகுப்பினர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

பத்து நிமிடத்திலிருந்து

இன்னொரு உதாரணம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் நடிகை நடிப்புப் பள்ளியில் படித்து முடித்தும் வாய்ப்பு சரிவரக் கிடைக்காமல் இருந்தார். 2007-இல் தோழி விக்கி ஜோன்ஸோடு சேர்ந்து டிரைரைட் என்ற சின்னக் குழுவைத் தொடங்கினார். எழுத்தாளர்களிடம் குறுநாடகங்கள் வாங்கி நண்பர்களை வைத்துப் போட்டார்கள். கதைசொல்லும் இரவு ஒன்றை நடத்திய நண்பர் ஒருவர், அதில் பத்து நிமிடம் நிரப்பித் தரும்படி ஃபீபியிடம் கேட்டார். அந்தப் பத்து நிமிடம்தான் 'ஃப்ளீபேக்' தனிநடிப்பு நாடகமாக வளர்ந்து 2013-இல் ஃபிரிஞ்சுக்கு வந்தது. ஒரே நடிகை, ஒரே நாற்காலி. புது எழுத்துக்கான ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது கிடைத்தது, 2016-இல் பிபிசி தொடராக வந்தது, 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளைக் குவித்தது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நேராக எடின்பரோவுக்குப் போகவில்லை. ஆறு வருடம் சின்ன அறைகளில் எழுதி, போட்டு, அடித்துத் திருத்திப் பழகிய பிறகுதான் கண்கள் குவிந்திருக்கும் இடத்துக்குப் போனார். நண்பர்கள் முன்னால் போடும் நிகழ்ச்சி வீண் என்று தொடக்கத்தில் சொன்னதுபோல் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பயிற்சிக்கான இடம். வெளியுலகம் கவனிக்கும் என்று எதிர்பார்த்து அதில் சேமிப்பை எல்லாம் கொட்டினால்தான் அடி விழும்.

செலவு யாருடையது

ஃபிரிஞ்சில் நிகழ்ச்சி போடுபவர் சங்கத்தில் பதிவுக் கட்டணமாகச் சில நூறு பவுண்டு கட்டுகிறார். அரங்குக்காரருக்கு வசூலில் பங்கு. 60 சதவீதம் கலைஞருக்கு, 40 அரங்குக்கு என்பது பரவலான வழக்கம். வசூல் குறைந்தாலும் இவ்வளவு கட்டியே தீர வேண்டும் என்று உத்தரவாதத் தொகை கேட்கும் அரங்குகளும் உண்டு. ஒரே கூடத்தில் காலையிலிருந்து நள்ளிரவுவரை வரிசையாக நிகழ்ச்சிகள், நடுவில் மேடையை மாற்றச் சில நிமிடங்கள். பகலில் ராயல் மைல் தெருவில் நின்று தானே நோட்டீஸ் கொடுத்து ஆள் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி ஆகஸ்ட் மாத அறை வாடகை. நிகழ்ச்சி நன்றாக ஓடியும் கடனோடு ஊர் திரும்புகிறவர்கள் பலர்.

இதை எதிர்த்து உள்ளிருந்தே ஒரு முயற்சி வந்தது. 1996-இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக் கலைஞர் இலவச நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். மதுக்கூடங்கள் தங்கள் அறையை வாடகையின்றித் தருகின்றன. கூட்டம் வந்தால் அவர்களுக்கு வியாபாரம். கலைஞர் அரங்கு வாடகை கட்டுவதில்லை, பார்வையாளர் டிக்கெட் வாங்குவதில்லை, முடிவில் வாசலில் ஒரு வாளி இருக்கும், மனசுக்குப் பட்டதைப் போடலாம். காசில்லாதவர் தன் நிகழ்ச்சியைத் தானே போட இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இலவசம் என்றால் தரம் குறைவு என்ற பேச்சு நீண்ட நாள் இருந்தது. ஜான் கேர்ன்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் 2013-இல் ஓர் இலவச நிகழ்ச்சிக்காக ஃபிரிஞ்சின் நகைச்சுவை விருதுகளில் சிறந்த புதுமுக விருதும், மறு ஆண்டு மறுபடியும் ஓர் இலவச நிகழ்ச்சிக்காக முதன்மை விருதும் வென்றார். அடுத்தடுத்து இரண்டையும் வென்றவர் அதற்கு முன் யாருமில்லை.

மற்ற ஊர்களிலும் இதே கதை நடந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1960-இல் பெரிய கலைவிழா தொடங்கியதுமே, இடம் கிடைக்காத உள்ளூர்க் கலைஞர்கள் பக்கத்திலேயே தங்கள் நிகழ்ச்சிகளைப் போட்டார்கள். பிரான்ஸின் அவிஞோனில் 1966-இல் ஆந்த்ரே பெனெடெட்டோ விழாவுக்கு வெளியே தன் சொந்த அரங்கில் நாடகம் போட்டு அங்கே 'ஆஃப்' விழாவுக்கு வித்திட்டார். இரண்டும் இன்று பிரம்மாண்டமாக நடக்கின்றன. இரண்டிலும் முதலில் ஒரு பெரிய விழாவும் அதற்கென்று வந்த கூட்டமும் இருந்தன என்பதைக் கவனிக்கலாம்.

எடின்பரோவில் தங்குமிடச் சிக்கல் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு முற்றுகிறது. மதுக்கூட அறை இலவசமாகக் கிடைத்தாலும் படுக்க ஓர் அறை வேண்டுமே. அண்மை ஆண்டுகளில் ஃபிரிஞ்ச் சங்கமே பல்கலைக்கழக விடுதி அறைகளைப் பேசி, கலைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்கித் தர முயன்று வருகிறது. 1951-இல் மாணவர்கள் போட்டுக்கொடுத்த படுக்கைகளுக்கு எவ்வளவு தேவை இருந்ததோ, இந்த அறைகளுக்கு அதைவிடப் பல மடங்கு தேவை இருக்கிறது.